கட்டு விட்டுப்போன விரியன்

புதுசா எமர்ஜென்சிக்கு நர்ஸ் வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் சொல்லுங்கன்னு உங்க மேட்ரன் கேட்டாங்க. ட்ரிப் போடுறதப் பத்தியோ மெஷினப் பத்தியோ நான் வாயத் தொறக்கப் போறதில்ல. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். நான் ரிட்டையர் ஆன பிறகு வந்த மெஷினுக்கு எந்தப் பக்கம் சுவிட்சுன்னுகூட எனக்குத் தெரியாது.

நான் சொல்லப்போறது பயத்தப் பத்தி. ஏன்னா நான் ஒரு பயந்தாங்கொள்ளி. வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து பென்ஷன் வாங்குன நாள் வரைக்கும் பயந்துகிட்டேதான் வேலை பார்த்தேன். வீட்டுக்குப் போயி சோத்துல கைய வச்ச பிறகு, 'அந்த ஓரத்துக் கட்டில் ஆளுக்கு ஆக்சிஜன் மாஸ்க் நழுவியிருக்குமோ'ன்னு வார்டுக்குப் போன் போட்டவ நான். "உனக்குச் சம்பளம் குடுக்கிறதே பயப்படுறதுக்குத்தான் போல"ன்னு என் வீட்டுக்காரர் சொல்லுவாரு. அவரு கேலிக்குத்தான் சொன்னாரு. எனக்கு அது சரின்னே பட்டுச்சு.

முதல்ல ஒரு டாக்டரப் பத்திச் சொல்லணும். அலோர் ஸ்டார்காரர், சீனர். பேர் வேணாம், சொன்னா அவருக்குப் பிடிக்காது. பாம்புக்கடின்னா எந்த நேரத்துல கூப்பிட்டாலும் போன எடுக்கிற ஆளு. ஒரு தடவ மெர்போக் ஆத்துப் பக்கமிருந்து ஒரு மீனவரைக் கொண்டாந்தாங்க. வலையில சிக்குன கடல்பாம்ப வெறுங்கையால எடுத்துப் போட்டிருக்காரு, கடிச்சிருச்சு. நான் போன்ல "கடல்பாம்பு டாக்டர்"னேன். "பேரு இருக்கட்டும் சிஸ்டர். அது யாரோட சொந்தம்? அதச் சொல்லு"ன்னாரு. எனக்கு ஒன்னும் ஓடல. விலாங்கு மாதிரி இருக்குன்னேன். அந்தப் பக்கம் அவரு பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டுச்சு.

அந்த மீனவர் பொழைச்சுப் போன பிறகு, டாக்டர் நேருல வந்து எங்கள நிக்க வச்சு வெள்ளப் பலகையில ரெண்டு வீடு வரைஞ்சாரு. நம்ம கெடாவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து விடுற விஷப்பாம்பு அநேகமா இந்த ரெண்டு வீட்டுப் பிள்ளைங்கதான்னாரு. ஒன்னு நாகத்து வீடு. நாகம், ராஜநாகம், கடல்பாம்பு எல்லாம் அங்க. அவங்க விஷம் முக்கியமா நரம்பப் பிடிக்கும், மூச்ச நிறுத்தும். இன்னொன்னு விரியன் வீடு. கித்தாக்காட்டுல, ரப்பர் மரத்தடியில சருகோட சருகாக் கெடக்கும்ல, மலாய்ல 'கப்பாக்'னு சொல்ற பாம்பு, அதும் மூங்கில்ல சுத்திக்கிட்டிருக்கிற பச்சை விரியனும் அங்க. அவங்க கடிச்சா வலி உசுரு போகும், வீங்கும், ரத்தம் உறையாது. ரெண்டு வீட்டுக்கும் மருந்துப் புட்டி வேற வேற.

"நெறத்தப் பார்த்து, வரியப் பார்த்து சொந்தம் சொல்றது சந்தைக்கடைப் பேச்சு"ன்னாரு. "விஞ்ஞானிங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. பல்லு எங்க மொளைச்சிருக்கு, செதில் எப்படி அடுக்கியிருக்குன்னு பார்ப்பாங்க. இப்ப மரபணுவையும் பார்க்கிறாங்க. யாரு யாரு ஒரே வயித்துலேர்ந்து வந்தாங்கன்னு தேடுறதுதான் அவங்க வேலை." பிரிச்ச கூட்டத்துக்கு அவங்க வச்ச பேரே குடும்பம்தானாம். எனக்கு அது சட்டுனு புரிஞ்சுது. நம்ம கல்யாணவீட்டுல இல்லாததா? மூஞ்சிச் சாயலப் பார்த்து "நீ இன்னார் மகதானே"ன்னு கேட்டு எத்தனை பேரு அசடு வழிஞ்சிருக்கோம்.

அப்ப அவரு பலகையில நாகத்து வீட்டுக்குள்ள கறுப்பும் வெள்ளையுமா ஒரு பாம்ப வரைஞ்சாரு. மலாய்ல "கத்தாம் தெபு"ன்னாரு. தோட்டத்துல நம்மாளுங்க அதக் கட்டுவிரியன்பாங்க. நான் கையத் தூக்கினேன். "டாக்டர், தமிழ்ல இதுவும் விரியன்தான். நீங்க மாத்தி வரைஞ்சிட்டீங்க"ன்னேன். அவரு என்னையே பார்த்தாரு. "மாத்தி வரையல சிஸ்டர். உங்க மொழியில ஒரு பிள்ளைய அடுத்த வீட்டுல வளர்க்கிறீங்க"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. தோட்டத்துலேர்ந்து வர்றவங்க இந்தப் பேரத்தானே சொல்லிக்கிட்டு வருவாங்கன்னு அன்னிக்கே பயம் பிடிச்சிருச்சு.

நம்ம பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்தப்ப, துணிமணியோட பாம்புப் பேரையும் கொண்டாந்துட்டாங்க. கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன்னு. முதல் ரெண்டும் நெசமாவே விரியன் வீடு. மூணாவது மட்டும் நாகத்துக்குப் பங்காளி. பேருல மட்டும்தான் விரியன். தமிழ் தெரிஞ்சவங்க மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு அதுக்குள்ள உட்கார்ந்திருக்கு. மலாய்க்காரரோ சீனரோ அதச் செய்யவே முடியாது.

அந்தப் பயத்துலயே இருந்தேனா, கொஞ்ச காலம் கழிச்சு ஒருத்தர் கை வெரல்ல கடியோட வந்து, போன்ல போட்டோ காட்டுனாரு. கறுப்பு வெள்ளைக் கட்டு. அடி ஆத்தி! நான் போட்ட சத்தத்துல எமர்ஜென்சியே எழுந்து நின்னுச்சு. டூட்டி டாக்டர சாப்பாட்டுலேர்ந்து எழுப்பிக் கூட்டியாந்தேன், கட்டில காலி பண்ண வச்சேன். கடைசியில பார்த்தா அது ஓநாய்ப் பாம்பு. மனுசனக் கொல்ற விஷம் கெடையாது. கட்டுவிரியன் போட்டிருக்கிற மாதிரியே சட்டை போட்டுக்கிட்டுத் திரியுது, படுபாவி. அதுக்கப்புறம் எனக்குப் பேரே 'கட்டுவிரியன் அக்கா'. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்லா"ன்னு எக்ஸ்ரே ரூம் பையன்லேர்ந்து ஆம்புலன்ஸ் டிரைவர் வரைக்கும் பாடிட்டாங்க. நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள சுருக்குன்னுதான் இருந்துச்சு.

அந்தக் கேலி ஓயுறதுக்குள்ளதான் சரசு வந்தா.

திங்கக்கெழமை காலையில நம்ம எடம் எப்படியிருக்கும்னு உங்களுக்கே தெரியும். ரோட்டுச் சடக்குல ரெண்டு மோட்டர் பைக்கு மோதி நாலு பேரு கெடக்கிறாங்க. நெஞ்சுவலின்னு ஒரு தாத்தா வாசல்ல. உசுருக்குப் போராடுறவங்கள வைக்கிற சிவப்பு ரூம்புல ஒரே ஒரு கட்டில்தான் மிச்சம். அந்த நேரத்துல சிடாம் கிரி பக்கத்துத் தோட்டத்துலேர்ந்து முனியாண்டின்னு ஒருத்தரு பொண்டாட்டிய மோட்டர்ல பின்னால வச்சுக் கூட்டியாந்தாரு. சரசு, முப்பது முப்பத்தஞ்சு வயசிருக்கும். செம்பனையில உதிரிப் பழம் பொறுக்கிற வேலை. புழுக்கம் தாங்காம தரையில பாய் போட்டுப் படுத்திருக்கா. விடியுற நேரத்துல முழங்கையில ஏதோ உரசுன மாதிரி இருந்திருக்கு. எழுந்து பார்த்தா பாம்பு அலமாரிக்கடியில போகுது. புருஷன் வெளக்குமாத்துக் கட்டையால அடிச்சுக் கொன்னுட்டாரு.

வலியே இல்லையாம். எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையாம். அதனால அவ எழுந்து பசியாற ரொட்டி சுட்டு, பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு, அதுக்கப்புறம் வயித்த வலிக்குதுன்னு படுத்திருக்கா. கண்ணு சொக்குதுன்னு சொன்ன பிறகுதான் புருஷனுக்கு உறைச்சிருக்கு.

கவுன்டர்ல இருந்தது ஷாமினி. சுங்கை பட்டாணி டவுன்ல வளர்ந்த பொண்ணு, கெட்டிக்காரி. முனியாண்டி "கட்டுவிரியன் கடிச்சிருச்சு"ன்னுதான் சொல்லியிருக்காரு. பக்கத்துல நாலு பேரு அலறிக்கிட்டிருக்காங்க. ஷாமினி காதுல விழுந்தது விரியன். அத மலாய்க்கார டாக்டருக்குச் சொல்றப்ப, இங்கிலீஷ்ல வைப்பர்னு சொல்லிட்டா. அவமேல கோவப்படாதீங்க. விரியன்னா வைப்பர்னுதான் யாரும் சொல்லுவாங்க. 'கட்டு' மட்டும் கவுன்டர்லயே விழுந்து கெடந்துச்சு.

டாக்டர் ஃபாரா, சின்னப் பொண்ணு, நல்ல பொண்ணு. விரியன் கடிக்கு என்ன பார்க்கணுமோ அத்தனையும் பார்த்தா. வீக்கம் இருக்கா? இல்ல. வலி? இல்ல. ரத்தம் உறையுதா? நல்லா உறையுது. அப்ப பாம்பு கடிச்சிருக்கு, விஷத்த எறக்கல. "பச்சை ஏரியாவுல உட்கார வைங்க, சாயந்தரம் மறுபடி ரத்தம் பார்ப்போம்"னுட்டு மோட்டர்க்காரங்ககிட்ட ஓடிட்டா. அவ கணக்குல ஒரு எடத்துலகூடத் தப்பில்ல. வீடுதான் தப்பு.

பிள்ளைங்களா, இத நல்லா மனசுல வாங்கிக்குங்க. அபாயத்த அபாயம்னு யாராச்சும் சொன்னா ஓடுவோம். 'ஒன்னுமில்ல'ன்னு நல்ல டெஸ்டு நல்ல பதில் சொல்லுது பாருங்க, அப்பத்தான் ஆளு சாகும். தப்பான வீட்டுக் கதவத் தட்டிட்டு, ஆளில்லன்னு திரும்பி வர்ற மாதிரி.

அவசரமில்லாதவங்க காத்திருக்கிற பச்சை ஏரியாவுல, பிளாஸ்டிக் நாற்காலியில சரசு உட்கார்ந்திருந்தா. நான் பேண்டேஜ் எடுக்கத்தான் அந்தப் பக்கம் போனேன். அவ என்னைப் பார்க்கிறதுக்கு மோவாயத் தூக்குனா. கண்ண மேல தூக்கல, தலையைத் தூக்குனா. எமை பாதி எறங்கிக் கெடந்துச்சு; நரம்பப் பிடிக்கிற விஷம் முதல்ல எமையைத்தான் பிடிக்கும்.

"என்னம்மா, தூக்கமா?"ன்னேன்.

"ஆமா சிஸ்டர், கண்ணு இழுக்குது. ராத்திரி சரியாத் தூங்கல"ன்னா. வார்த்தை கொழகொழன்னு வந்துச்சு.

"என்ன பாம்புய்யா?"ன்னு புருஷனக் கேட்டேன்.

"அதான் அங்கயே சொன்னேனேக்கா, கட்டுவிரியன். கட்டுக் கட்டா, கறுப்பும் வெள்ளையுமா."

அப்ப எனக்கு முன்னால ரெண்டு வழி. கத்தலாம். கத்தி, இதுவும் ஓநாய்ப் பாம்பா இருந்துட்டா? அந்தக் கடைசிக் கட்டில நெஞ்சுவலித் தாத்தாகிட்டேர்ந்து பிடுங்கி, தூக்கக் கலக்கத்துல இருக்கிற ஒருத்திக்குக் குடுத்தவ ஆவேன். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்துட்டா, இவ இந்த நாற்காலியிலயே தலை சாஞ்சு தூங்குற மாதிரி கெடப்பா. மூச்சு நின்னது யாருக்கும் தெரியாது. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஆளுகூட, பாவம் அசதி போலன்னு நெனைப்பான். பொய் சொல்ல மாட்டேன், கடவுளே வேற யாராச்சும் இத முதல்ல கண்டுபிடிக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்.

மூச்சு எவ்வளவு தாங்குதுன்னு பார்க்க, ஒரே மூச்சுல எண்ணச் சொல்லுவோம்ல, அதச் சொன்னேன். பயத்துல அவளுக்கு எண்ணிக்கை குழம்புச்சு. "சரி விடு, உன் வீட்டு ஆளுங்களச் சொல்லு. மூச்ச நல்லா இழுத்துக்கிட்டு, விடாம, ஒரே மூச்சுல"ன்னேன்.

"அத்தை, அவரு, சேகர் அண்ணன், அண்ணி, தங்கச்சி மாலா, பெரியவன் தினேசு, நடுவுல கவிதா, சின்னவ பவித்ரா"ன்னா. புருஷன் பேரச் சொல்லாம 'அவரு'ன்னப்ப லேசா வெக்கம்கூடப் பட்டா. கடைசிப் பேருக்கு மூச்சு இழுபறிதான், ஆனா வந்துச்சு.

நான் அவ பக்கத்துலயே நின்னுக்கிட்டு, முனியாண்டியவிட்டு ஃபாராவக் கூட்டியாரச் சொன்னேன். அவ கையொறையோட வந்தா, மூஞ்சி வேர்த்து ஊத்துது. "காக், வீக்கமே இல்லையே, ரத்தமும் நல்லா இருக்கே"ன்னா. அக்காவ அவங்க மொழியில அப்படித்தான் கூப்பிடுவா.

"டாக்டர், வைப்பர் இல்ல. தமிழ்ப் பேர் நம்மள ஏமாத்திருச்சு. இது நாகத்து வீடு. நான் சொல்றத நம்ப வேணாம், இவளப் பாருங்க"ன்னேன். "சரசு, மறுபடி சொல்லு, அதே மாதிரி, ஒரே மூச்சுல."

"அத்தை, அவரு, சேகர் அண்ணன், அண்ணி, தங்கச்சி மாலா, பெரியவன்..."

அவ்வளவுதான். வாய் தொறந்திருக்கு, சத்தம் வரல. திரும்ப மூச்சு வாங்கி, "தினேசு... கவிதா"ன்னா. அதுக்கப்புறம் உதடு அசைஞ்சுது. பவித்ரா வரவேயில்ல.

ஃபாராவுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது. ஆனா பட்டியல் பாதியில அறுந்தது அவளுக்குப் புரிஞ்சிருச்சு. நீ யாரு எனக்குச் சொல்றதுக்குன்னு ஒரு நொடிகூட நிக்கல. "மேரா, காக். செக்காராங்"னா. சிவப்பு ரூம்பு, இப்பவே. தாத்தாவுக்கு அவசரமா வேற எடம் பார்த்தாங்க. அந்தப் புள்ளைக்கு நான் இன்னைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். சீனியர்னு பேரு வாங்குன எத்தனையோ பேரு அந்த எடத்துல ரோஷப்பட்டு நின்னிருப்பாங்க.

இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருந்துச்சு. எந்தப் புட்டி? அலோர் ஸ்டார் டாக்டருக்குப் போன் போட்டேன். "செத்த பாம்பு இருக்கா?"ன்னாரு. முனியாண்டி உரச்சாக்குல கட்டி மோட்டர் கூடையில போட்டு வச்சிருக்காரு. தலை நசுங்கிப் போயிருக்கு. பாம்பக் கொண்டாரச் சொல்லி யாரையும் நாம கேக்கக்கூடாது. அடிக்கப் போயி இன்னொருத்தர் கடி வாங்குவாரு. ஆனா வந்துட்ட பாம்ப என்ன செய்றது? செத்த பாம்புன்னாலும் கையால தொடாதீங்க. நீள இடுக்கி எடுத்துக்கிட்டேன். எனக்குப் பல்லியக் கண்டாலே ஆகாது. பல்லக் கடிச்சுக்கிட்டு விரிச்சேன்.

"வரி வேணாம், நெறம் வேணாம். முதுகு நடுவுல போற செதில் வரிசையப் பாரு. பக்கத்துச் செதிலும் அதுவும் ஒரே அளவா?"

"இல்ல டாக்டர். நடுவுல உள்ளது பெருசா இருக்கு. ஆறு மூலை வச்ச மாதிரி, வால் வரைக்கும் போகுது." போட்டோவும் அனுப்பினேன்.

"ஓநாய்ப் பாம்புக்கு அது இருக்காது. நாகத்தோட பங்காளிதான்"னாரு. "நரம்பு மருந்து. அதுக்கு முன்னாடி மூச்சுக் குழாய். மருந்து வேலை செய்யும்னு காத்திருக்காதீங்க, அவளுக்குப் பதிலா நீங்க மூச்சு விடுங்க."

குழாய் போடப் போறப்ப சரசுவால எமையைத் தூக்க முடியல. நான் காதுகிட்டக் குனிஞ்சு, "உனக்கு எல்லாம் கேக்கும்னு எனக்குத் தெரியும். பயப்படாத, மெஷின் மூச்சு விடும், நீ சும்மா இரு"ன்னேன். அவ வெரல் என் வெரல லேசாப் பிடிச்சுது. கொஞ்ச நேரத்துல அதுவும் விட்டுப்போச்சு.

அடுத்த நாள் ஐ.சி.யு.வுல அவ கட்டில் பக்கத்துலயே நின்னு அங்க வேலை பார்க்கிற ஒரு பையன், "கண்மணி விரிஞ்சு போச்சு, வெளிச்சத்துக்கும் அசையல, மூளை போயிருச்சோ"ன்னான். முனியாண்டி அப்படியே சொவத்தப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம்! "டேய் தம்பி, அந்த விஷம் கண்மணியையும்தான் கட்டும். மூளை முழிச்சிருக்கு. அவ கேட்டுக்கிட்டுக் கெடக்கிறா. வெளிய போய்ப் பேசு"ன்னேன். ஐ.சி.யு.வுல எனக்கு என்ன வேலைன்னு யாரோ கேட்டாங்க. நான் காதுல வாங்கல. அதுக்கப்புறம் தெனம் ஷிப்ட் முடிஞ்சு போயி அவ காதுல பேசுவேன். இன்னைக்கு மழை, உன் மக பள்ளிக்கூடம் போயிட்டா, உன் வீட்டுக்காரர் வச்ச ரசம் வாயில வைக்க முடியலயாம்னு. பதில் வராது. வெளிய வந்து, நான் நெனைக்கிறது தப்பாப் போயி நெசமாவே மூளை போயிருந்தா என்ன பண்றதுன்னு படிக்கட்டுலயே உட்கார்ந்துருவேன்.

சரசு வந்த அன்னிக்கு ஷாமினி பேன்ட்ரியில அழுதுகிட்டிருந்தா. பால் ஊத்தாம ஒரு கோப்பி ஓ கலக்கிக் குடுத்து, "நானும் நீயும் ஒரே மொழி பேசுறவங்க, அதனாலதான் நமக்கு இது நடக்கும். இனிமே மொழிபெயர்க்காத. அவங்க சொன்ன வார்த்தைய முழுசா, தலையும் வாலும் அறுக்காம எழுது. பக்கத்துல, எனக்கு இது எந்த வீடுன்னு தெரியாதுன்னு எழுது. தெரியாதுன்னு எழுதுனா யாரும் சாக மாட்டாங்க"ன்னேன். இப்ப கவுன்டர்ல உங்களுக்கு டிரெயினிங் குடுக்கிறது அவதான். "திருப்பிச் சொல்லுங்க, முழுசாச் சொல்லுங்க"ன்னு ஆளுங்க உசுர வாங்குறான்னு சொல்றீங்களாமே. வாங்கட்டும்.

முதல்ல சரசுவுக்குக் கால் கட்டைவெரல் அசைஞ்சுது. அப்புறம் எமை. குழாய எடுத்த அன்னிக்கு நான் போனப்ப தலையணையில சாஞ்சு உட்கார்ந்திருந்தா. தொண்டை கரகரன்னு இருந்துச்சு. முனியாண்டி ஓரமா நின்னு சும்மா சும்மா பெட்ஷீட்ட இழுத்து விட்டுக்கிட்டிருந்தாரு.

"என்னடி, மூச்சு இருக்கா? எங்க, சொல்லு பார்ப்போம்"னேன். எனக்கு வெளாட்டு மாதிரி. ஆனா அவ வாயையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

அவ நல்லா இழுத்துக்கிட்டா.

"பவித்ரா, கவிதா, தினேசு, மாலா, அண்ணி, சேகர் அண்ணன், அவரு, அத்தை."

ஒரே மூச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அத மறைக்கிறதுக்காக, "ஏன்டி வரிசைய மாத்திட்ட? அத்தைய கடைசில தள்ளிட்டியே, கேள்விப்பட்டா சண்டைக்கு வருவாங்க"ன்னேன்.

அவ சிரிக்கல. "அன்னிக்கு மூச்சு முடிஞ்சப்ப சின்னவ பேருதான் சிஸ்டர் சொல்லாம நின்னுபோச்சு. உள்ள கெடந்த அத்தனை நாளும் அதத்தான் சொல்லிப் பார்த்துக்கிட்டிருந்தேன்"னா.